நானோன்னு சொல்லி அரைச்ச மாவையே அரைக்கிறாங்கப்பா!

மு.கு.: கொஞ்சம் நீளமான பதிவு. உள்ளே கொஞ்சம் கணக்கும் நிறைய எரிச்சலும் இருக்கு. கணக்கு பிடிக்காதவங்க எரிச்சலை மட்டும் படிச்சுட்டுப் போகலாம்.

அம்மியோ ஆட்டுக்கல்லோ புதுசா கொத்தினா, முதல்ல அரைக்கிறதை யாரும் சமையலுக்கு எடுக்கிறதில்லை. தவிடோ நொய்யோ போட்டு ரெண்டு மூணு தடவை அரைச்சு, கழுவிக் கொட்டிட்டுத்தான் சட்னிக்கு வருவாங்க. ஏன்னா கல்லு மாவுல வரும். அரைக்கிற பொருள் அரைபடுற பொருளுக்குள்ள போகும். இது பள்ளிக்கூடப் பக்கமே போகாத பாட்டிக்குத் தெரியும். முனைவர் பட்டம் வாங்கி, பதினஞ்சு இருபது கட்டுரை போட்ட நானோ விஞ்ஞானிகள் பல பேருக்கு இது தெரியலை, இல்லை தெரியாத மாதிரி இருக்காங்க. அதைத்தான் இங்கே திட்டப் போறேன்.

விஷயம் இதுதான். நானோ படிக ஆக்சைடுகளைச் செய்ய ஒரு சுலபமான வழி பந்து அரைவை, அதாவது பால் மில்லிங். ஒரு கனமான பாத்திரம். அதுக்குள்ள இரும்புப் பந்துகள், கூடவே ஆக்சைடு பொடி. பாத்திரத்தை ஒரு தட்டு மேல பூட்டி, தட்டை ஒரு பக்கமும் பாத்திரத்தை எதிர்ப்பக்கமும் சுத்த விடுவாங்க. ராட்டினத்துல ஏறி உக்காந்துக்கிட்டு அங்கேயே ஒரு பம்பரத்தையும் விட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி. உள்ளே பந்துகள் பாத்திரச் சுவரையும் ஒண்ணையொண்ணும் போட்டு மொத்தும். நடுவுல மாட்டுற பொடி உடையும், ஒட்டும், மறுபடி உடையும். பத்து மணி நேரம், இருபது மணி நேரம், சில பேர் நூறு மணி நேரம் ஓட்டுவாங்க. பக்கத்து அறையில உக்காந்து படிச்சவங்களுக்கு அந்தச் சத்தம் கனவுலயும் வரும்.

இந்த மில்லைக் கேவலமா நினைக்கிற ஆள் நான் இல்லை. 1960களில் அமெரிக்காவில் இன்கோ கம்பெனியில் ஜான் பெஞ்சமின் இப்படி அரைச்சுத்தான் நிக்கல் கலவைக்குள்ள நுண்ணிய ஆக்சைடு துகள்களைப் பரப்பிக் காட்டினார். டர்பைன் சூட்டைத் தாங்குற உலோகம் அதுல இருந்து வந்தது. ஆக்சைடை மட்டும் தனியா அரைச்சாலும் வேடிக்கை நிறைய நடக்கும். டைட்டானியத்தோட ஆக்சைடுல அனடேஸ்னு ஒரு வகை. அதைப் போட்டு அரைச்சா, சாதாரணமா பல ஜிகாபாஸ்கல் அழுத்தத்துல மட்டும் உருவாகுற ஒரு படிக அமைப்பு எட்டிப் பாக்கும். இன்னும் அரைச்சா ரூட்டைல் ஆயிடும். நடுவுல வந்து போற அந்த அமைப்பு உள்ள கனிமத்துக்கு ஸ்ரீலங்கைட்னு பேரு. இலங்கையில கிடைச்சு, 1983ல அந்தப் பேர் வச்சாங்க. பூமிக்கடியில இருக்குற அழுத்தத்தை மேசை மேல இருக்குற ஒரு மிஷின் செஞ்சு காட்டுதுன்னா சும்மாவா? (ஸ்ரீலங்கைட்டுல டைட்டானியத்தோட ஜிர்கோனியமும் உண்டு. டைட்டானியாவை ஜிர்கோனியா பாத்திரத்துல அரைச்சு இதே அமைப்பைக் கண்டுபிடிச்சேன்னு யாராவது சொன்னா, கொஞ்சம் உத்துப் பாருங்க. அவ்வளவுதான் சொல்வேன்.)

அப்புறம் ஃபெரைட்டுகள். துத்தநாக ஃபெரைட் கட்டியா இருக்கும்போது காந்த விஷயத்துல பரம சாது. சுமார் 10 கெல்வினுக்குக் கீழே போனாத்தான் அதுக்குள்ள ஏதோ ஒரு ஒழுங்கு வரும், அதுவும் எதிரெதிரா நின்னு ஒண்ணையொண்ணு அழிச்சுக்குற ஒழுங்கு. அதையே அரைச்சா, இரும்பு அயனிகள் தங்களுக்குன்னு இருந்த இடத்தை விட்டுத் துத்தநாகத்தோட இடத்துல போய் உக்காந்துக்கும். அறை வெப்பத்துலயே காந்தம் பிடிக்கிற பொடி கிடைக்கும். இது நிஜம், பல பேர் பல வழியில சோதிச்ச நிஜம். நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்துக் கிண்டி வளாகத்துல பேராசிரியர் நாராயணசாமி குழுவினர் இந்த மாதிரி அரைச்ச ஃபெரைட்டுகள்ல செஞ்ச வேலையை எடுத்துப் பாருங்க. நிக்கல் ஃபெரைட் பத்தின அவங்க கட்டுரை 2001ல ஃபிசிக்கல் ரிவ்யூ பி-ல வந்தது. அரைச்சோம், காந்தம் மாறிச்சுன்னு அதோட நிறுத்தலை. வெளிக்காந்தப் புலத்துல வச்சு மோஸ்பவர் அளவீடு எடுத்து, எந்த இடத்துல எவ்வளவு இரும்பு உக்காந்திருக்குன்னு எண்ணிக் காட்டினாங்க. மோஸ்பவர்ல உலோக இரும்பு தனியா தெரியும், ஃபெரைட்டுல இருக்குற இரும்பு தனியா தெரியும். அப்படிப் பண்ணினா யாருக்கு என்ன கோபம் வரப்போகுது?

கோபம் வர்றது வேற ஒரு கூட்டத்து மேல. அவங்க கட்டுரைக்கு ஒரு அச்சு இருக்கு. முதல் வரியில ஃபெய்ன்மன் 1959ல கீழே நிறைய இடம் இருக்குன்னு சொன்னார்னு வரும். (பாவம் மனுஷன்!) அடுத்து, கடையில வாங்கின துத்தநாக ஆக்சைடை ஸ்டீல் பாத்திரத்துல 5, 10, 20 மணி நேரம் அரைச்சோம். எக்ஸ்ஆர்டி எடுத்தோம், கோடு அகலமாயிருக்கு, ஷெரர் சூத்திரத்துல போட்டா 17 நானோமீட்டர். ஒரு காந்த அளவீடு எடுத்தோம், குட்டியா ஒரு வளையம் வந்தது. ஆக்சிஜன் காலியிடங்களால வந்த அறைவெப்ப ஃபெர்ரோகாந்தம், ஸ்பின்ட்ரானிக்ஸ் சாதனங்களுக்குப் பெரிதும் பயன்படும், சுபம். அடுத்த கட்டுரையில துத்தநாக ஆக்சைடை அடிச்சுட்டு வெள்ளீய ஆக்சைடுன்னு எழுதினா வேலை முடிஞ்சது. அரைச்ச மாவையே அரைக்கிறதுன்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க.

முதல்ல அந்த 17 நானோமீட்டரைப் பாப்போம். ஷெரர் 1918ல சொன்னது ரொம்ப நேர்மையான சூத்திரம். படிகம் சின்னதாக ஆக எக்ஸ்கதிர்க் கோடு அகலமாகும். ஆனா கோடு அகலமாகுறதுக்கு வேற காரணங்களும் இருக்கு. ஒண்ணு மிஷினே, எவ்வளவு நல்ல படிகத்தை வச்சாலும் அதுக்குன்னு ஒரு அகலம் உண்டு. இன்னொண்ணு திரிபு. மொத்து வாங்கின படிகத்துல அணு வரிசைகள் அங்கங்க நெளிஞ்சு இழுபட்டு நிக்கும், அதுவும் கோட்டை அகலமாக்கும். பந்து அரைவைங்கிறதே மொத்துறதுதான். அதுல திரிபு இல்லைன்னு வச்சுக்கிட்டு கணக்கு போடுறது, கோடம்பாக்கம் பாலத்துல சாயங்காலம் ஆறு மணிக்கு டிராஃபிக் இல்லைன்னு வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போற நேரத்தைச் சொல்ற மாதிரி.

எண்ணைப் போட்டே பாத்துடலாம். துத்தநாக ஆக்சைடோட பெரிய கோடு, தாமிரக் கதிர்ல 36.25 டிகிரி பக்கம் வரும். அளந்த அகலம் 0.5 டிகிரின்னு வச்சுக்குங்க. அப்படியே ஷெரர்ல போட்டா 17 நானோமீட்டர். மிஷினோட பங்கு 0.1 டிகிரின்னு கழிச்சா 21. இப்போ 0.3 சதவீதம் திரிபு இருக்குன்னு வைங்க, நல்லா அரைச்ச பொடிக்கு இது ஒண்ணும் அதிசயமில்லை. அதோட பங்கு மட்டும் 0.22 டிகிரிக்கு மேல. அதையும் கழிச்சா கிட்டத்தட்ட 48 நானோமீட்டர். அதே பொடி, அதே கோடு, 17-க்கும் 48-க்கும் நடுவுல எது வேணுமோ எடுத்துக்கலாம்! திரிபையும் அளவையும் பிரிக்க வில்லியம்சனும் ஹாலும் 1953லயே வழி சொல்லிட்டாங்க. ஒரே ஒரு கோட்டை மட்டும் பாக்காம எல்லாக் கோட்டோட அகலத்தையும் எடுத்து ஒரு நேர்கோடு போடணும், அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. அதைப் பண்ணாம, கட்டுரையில "16.73 நானோமீட்டர்"னு ரெண்டு தசம இடத்தோட போடுறவங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு.

இன்னொரு சின்ன சமாசாரம். எக்ஸ்ஆர்டி சொல்றது படிகத்தோட அளவை, துகளோட அளவை இல்லை. செங்கல்லு எவ்வளவு பெருசுன்னு சொல்லும், வீடு எவ்வளவு பெருசுன்னு சொல்லாது. அரைச்ச பொடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மைக்ரான் கணக்குல கட்டி கட்டியாத்தான் இருக்கும். அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில பாத்துட்டும் "நானோ துகள்கள்"னு தலைப்பு வைக்கிறாங்க. படிகம் நானோதான், நான் மறுக்கலை. துகள் நானோ இல்லை.

சரி, இதெல்லாம் சில்லறைத் தப்பு. நெஞ்சு எரியறது காந்த விஷயத்துலதான்.

பத்து மில்லிமீட்டர் ஸ்டீல் பந்து ஒண்ணு சுமார் 4 கிராம். இருபது பந்து போட்டா 80 கிராம். பத்துக்கு ஒண்ணுங்கிற வழக்கமான விகிதத்துல பொடி 8 கிராம். அறை வெப்பத்துல சுத்த இரும்போட காந்த அளவு ஒரு கிராமுக்கு சுமார் 218 இஎம்யூ. "ஆக்சிஜன் காலியிட ஃபெர்ரோகாந்தம்"னு சொல்ற கட்டுரைகள்ல வர்ற அளவு பெரும்பாலும் கிராமுக்கு 0.001-ல இருந்து 0.01 இஎம்யூ வரைக்கும்தான். இப்போ கூட்டிக் கழிச்சுப் பாருங்க. பொடியில பத்து லட்சத்துக்குப் பத்து பங்கு இரும்பு கலந்தாலே 0.002 இஎம்யூ வந்துடும். எட்டு கிராம் பொடியில அது 0.08 மில்லிகிராம். அதாவது உங்க 80 கிராம் பந்து, தன் எடையில பத்து லட்சத்துல ஒரு பங்கு தேஞ்சா போதும். இருபது மணி நேரம் ஒண்ணையொண்ணு போட்டு அடிச்சுக்கிட்ட ஸ்டீல் பந்து அவ்வளவுகூட தேயலைன்னு நீங்க சத்தியம் பண்ணுவீங்களா?

ஒரு கருத்தரங்குல, ஊர் பேர் வேண்டாம், கேள்வி நேரத்துல இதைக் கேட்டேன். "ஹார்டன்ட் ஸ்டீல் சார், தேயாது"ன்னார் பேசினவர். "தேயாத பாத்திரத்துக்கு எதுக்கு சார் கம்பெனிக்காரன் மாத்துப் பாத்திரம் விக்கிறான்?"ன்னேன். தலைவர் டீ பிரேக் அறிவிச்சுட்டார்.

இதுக்குச் சொல்ற சமாதானங்கள் இருக்கே, அதுக்கே தனிப் பதிவு போடலாம். "எக்ஸ்ஆர்டி-ல இரும்புக் கோடு இல்லை"ம்பாங்க. ஒண்ணு ரெண்டு சதவீதத்துக்குக் கீழே இருந்தா சாதாரண எக்ஸ்ஆர்டி-ல எதுவும் தெரியாது. "ஈடிஎக்ஸ் எடுத்தோம், இரும்பு இல்லை"ம்பாங்க. ஈடிஎக்ஸ் கண்ணுக்கு 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்குறது தெரியறது கஷ்டம். 0.1 சதவீதம் இரும்புன்னா 0.2 இஎம்யூ, நீங்க காட்டுற காந்தத்தைப் போல நூறு மடங்கு! ஊசியைத் தேட பைனாகுலர் எடுத்துட்டுப் போயிட்டு ஊசியே இல்லைன்னா எப்படி? "துத்தநாக ஆக்சைடு மெத்துன்னு இருக்கும் சார், ஸ்டீலைத் தேய்க்காது"ம்பாங்க. பொடி தேய்க்கலைன்னா என்ன, பந்தும் பந்தும் அடிச்சுக்குதே. "எங்க பாத்திரம் நான்-மேக்னடிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்"னு இன்னொரு சமாதானம். காந்தம் ஒட்டாத அந்த 304 வகை ஸ்டீலை மொத்தினா அதோட படிக அமைப்பே மாறி, மாறின இடம் காந்தம் பிடிக்கும். நம்பிக்கை இல்லைன்னா ஸ்டெயின்லெஸ் சிங்க்கோட வளைச்ச மூலையில காந்தம் வச்சுப் பாருங்க, சமதளத்துல ஒட்டாதது அங்க லேசா இழுக்கலாம். தேஞ்சு விழுற துணுக்கு பயங்கரமா மொத்து வாங்கின துணுக்கு. "நாங்க டங்ஸ்டன் கார்பைடு போட்டோம்"னு சொல்ற புத்திசாலிகள் இருக்காங்க. அந்தக் கார்பைடு தூளைப் பிடிச்சு வச்சிருக்குற பசை பெரும்பாலும் கோபால்ட். கோபால்ட் காந்தம் பிடிக்குமா பிடிக்காதான்னு பத்தாங்கிளாஸ் பையனைக் கேளுங்க.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது "காற்றுல சூடு பண்ணினோம், காந்தம் போயிடுச்சு, ஆக்சிஜன் காலியிடம் நிரம்பிடுச்சு, ஆகவே நிரூபணம்"ங்கிறது. அய்யா, 600 டிகிரியில காற்றுல சூடு பண்ணினா நுண்ணிய இரும்புத் துணுக்கும் துரு மாதிரி ஹெமடைட் ஆயிடும். ஹெமடைட்டோட காந்தம் கிராமுக்கு அரை இஎம்யூ கூட இல்லை. 218 எங்கே, இது எங்கே? அதனால மில்லுல இருந்து வந்த இரும்பா இருந்தாலும் காந்தம் போகும், காலியிடமா இருந்தாலும் போகும். ரெண்டு கட்சிக்கும் ஒரே மாதிரி சாட்சி சொல்றவனைக் கூட்டிட்டு வந்து கேஸ் ஜெயிச்சாச்சுங்கிறாங்க.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைச்சுடாதீங்க. 2004ல டப்ளின் டிரினிட்டி கல்லூரியில கோயி குழுவினர் ஹாஃப்னியம் ஆக்சைடு மென்படலங்கள்ல காந்தம் இருக்குன்னு நேச்சர்ல எழுதினாங்க. உலகமே பரபரப்பாச்சு. அடுத்த வருஷமே ஐபிஎம்ல மூணு பேர் அதே பொருளைக் கவனமா செஞ்சு பாத்தாங்க, காந்தம் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இடுக்கியால பிடிச்சுப் பாத்தாங்க, காந்தம் வந்துடுச்சு! இடுக்கி தொட்டதுக்கே அந்தக் கதி. இங்க இருபது மணி நேரம் இரும்பால உதைக்கிறோம். காலியிடத்தால காந்தமே வராதுன்னு நான் சொல்ல வரலை, வரலாம். ஆனா வந்தது அதுதான்னு சொல்ல, மில்லை முதல்ல குற்றவாளிக் கூண்டுல ஏத்தி விசாரிக்கணும்.

"உனக்கு என்னப்பா, யாரோ எழுதுறான், எங்கேயோ போடுறான்"னு கேக்கலாம். 2007ல மத்திய அரசு நானோ மிஷன்னு அஞ்சு வருஷத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கிச்சு. நம்ம பணம். நல்ல ஆய்வகங்கள் அதுல வளர்ந்தது, சந்தோஷம். கூடவே நானோன்னு எழுதினா ப்ராஜெக்ட் வரும்னு ஒரு பழக்கமும் வளர்ந்தது. 2009ல யுஜிசி, ஆய்வேடு கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்கணும்னு விதி போட்டாங்க. 2022 விதிகள்ல அந்தக் கட்டாயத்தை எடுத்துட்டாங்க. ஆனா அதுக்குள்ள கட்டுரை எண்ணுற பழக்கம் ரத்தத்துல ஊறிடுச்சு. இதுல சிக்குறது யாருன்னா சின்ன ஊர்க் கல்லூரியில இருந்து ஆசையா வர்ற பொண்ணும் பையனும். ஒரு மில் இருக்கு, ஒரு எக்ஸ்ஆர்டி இருக்கு, "போய் அரை"ன்னு சொல்லி விட்டுடறாங்க. அஞ்சு வருஷம் அரைக்கிறாங்க. வெளிநாட்டுல போஸ்ட்டாக் இண்டர்வியூல "உங்க பொடியில இரும்பு எவ்வளவு?"ன்னு முதல் கேள்வி வரும்போதுதான் அப்படி ஒரு கேள்வி இருக்குறதே அந்தப் பிள்ளைக்குத் தெரியுது. வழிகாட்டி அதுக்குள்ள அடுத்த பிள்ளைக்கு அதே பாத்திரத்தைக் கொடுத்திருப்பார். கழுவினாரான்னு தெரியாது.

இன்னொரு கூட்டம் இருக்கு. மில் அழுக்கு, அதனால மில்லே வேண்டாம், சோல்-ஜெல்லுக்கு வாங்கங்கிற கூட்டம். நான் அவங்க கட்சியும் இல்லை. அங்கேயும் வாங்குற உப்புல இரும்பு உண்டு. கலக்குறதுக்குப் போடுற காந்தக் குச்சி, எடுக்குற கரண்டின்னு வழி ஆயிரம் இருக்கு. மில்லுல அழுக்கு எங்கேயிருந்து வரும்னு நமக்குத் தெளிவா தெரியும், அதனால பிடிக்கிறது சுலபம்னுகூட நான் சொல்வேன். நல்ல ஆய்வகங்கள்ல மாதிரிப் பொடியைத் தொடுறதுக்கு முன்னாடி, அதே ஆக்சைடைக் கொஞ்சம் போட்டு அரைச்சுக் கொட்டிடுவாங்க. பாத்திரத்துச் சுவர்ல அந்த ஆக்சைடே ஒரு படலமா ஒட்டிக்கும். தவிடு போட்டு அம்மி அரைக்கிறதேதான், இங்க்லீஷ்ல எழுதினா நடைமுறைன்னு மரியாதை வந்துடுது.

பந்தை அரைக்கிறதுக்கு முன்னாடி எடை போடுங்க. அப்புறம் அல்ட்ராசோனிக்ல எத்தனால் ஊத்திக் கழுவிட்டு மறுபடி போடுங்க. 0.1 மில்லிகிராம் காட்டுற தராசு எல்லாத் துறையிலயும் இருக்கு. பொடியில 0.1 சதவீதம் இரும்பு போயிருந்தா பந்து எடையில 8 மில்லிகிராம் குறையும், பளிச்சுன்னு தெரியும். பாத்திரம் தேஞ்ச கணக்கு இதுல வராதுங்கிறதையும் மறந்துடாதீங்க. காந்தக் கட்டுரைக்கு இது பத்தாது, அதுக்கு ஐசிபி எடுத்தே ஆகணும். சென்னை ஐஐடி சைஃப் மாதிரி பொது மையங்கள்ல சாம்பிள் அனுப்பினா பண்ணித் தர்றாங்க. கூடவே அதே ஆக்சைடை அகேட் பாத்திரத்துல ஒரு தடவை, ஜிர்கோனியாவுல ஒரு தடவை அரைச்சுக் காட்டுங்க. அகேட்ல வேகம் குறைச்சுத்தான் ஓட்டணும், நாள் அதிகமாகும், ஆகட்டும். மூணு பாத்திரத்துலயும் அதே காந்தம், ஐசிபி-லயும் இரும்பு இல்லைன்னா, நானே மாலை வாங்கிட்டு வர்றேன்.

கொரியா, ஜப்பான், ஜெர்மனின்னு ஆய்வகங்கள்ல உக்காந்துக்கிட்டு இதைப் படிக்கிற நம்ம பதிவர்கள் கொஞ்சப் பேர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு உதவி பண்ணுங்க. அடுத்த தடவை மில் ஓட்டும்போது பந்து எடையை முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை எழுதி வச்சுப் பின்னூட்டத்துல போடுங்க. எந்த ஆக்சைடு, எந்தப் பாத்திரம், எத்தனை மணி நேரம், எத்தனை சுத்து. நான் ஒரு அட்டவணையா சேத்து இங்கேயே தொங்க விடுறேன். வழிகாட்டி பேரு மட்டும் வேண்டாம், எங்க வீட்டுக்கு ஆட்டோ வரும் :-)